லாத்தா ஓதிய கப்பல் பாஷை

மச்சான்,

இன்று மத்தியானம் லுஹர் பாங்குக்கு முன்னால் அடுப்பில் சீலா மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றியாகிவிட்டது, இறக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நம் பேரன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னா வாசம் நன்னி! தெருமுனை வரைக்கும் தூக்குது. உங்க ஆணம்னா எனக்கு உசுரு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான். மனதில் பட்டதை அப்படியே வாயில் விடுகிறவன். நான் கரண்டியை வைத்துவிட்டு, "ஏலே, மாஷா அல்லாஹ் சொல்லுலே மொதல்ல!" என்று அதட்டினேன். அதட்டிய பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு உங்கள் நினைப்பும் வந்தது. ஆணத்தை இறக்கி வைத்துவிட்டுக் காகிதத்தைத் தேடினேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்களுக்கு எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. கப்பலுக்கு எழுதிய கடுதாசிகளே ஒரு பெட்டி நிறைய இருக்கும், இனி என்ன எழுத என்று இருந்தேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அது லாத்தா சம்பந்தப்பட்டது. அதைச் சொல்ல முதலிலிருந்துதான் வர வேண்டும். ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு எப்போது வந்தது?

நாடு சுதந்திரம் வாங்கி இரண்டாம் வருஷம் நமக்கு நிக்காஹ். கீழக்கரை வழக்கப்படி நீங்கள்தான் பெண் வீட்டோடு வந்தீர்கள். வீடு என்றால் நானும் லாத்தாவும் மட்டும்தான். உம்மாவும் வாப்பாவும் மவுத்தாகி வருஷங்கள் ஆகியிருந்தன. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள் லாத்தா. புருஷனைச் சின்ன வயதிலேயே இழந்தவள். என்னைக் குளிப்பாட்டி, ஓதவைத்து, வளர்த்து, உங்களுக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் என் அக்கா ஒருத்திதான். நீங்களும் என்னைப் போலவே அவளை லாத்தா என்றே கூப்பிட்டீர்கள்.

உங்களுக்குச் சரக்குக் கப்பலில் பண்டாரி உத்தியோகம். கப்பல் சமையல்காரர்களை அப்படித்தானே சொல்வார்கள். கொழும்பில் ஏறினால் இரண்டு வருஷம் உலகத்தைச் சுற்றுவீர்கள். பிறகு தலைமன்னாரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் ராமநாதபுரம் வந்து, ஒரு இரும்புப் பெட்டியும் கப்பல் எண்ணெய் வாடையுமாக வீடு சேர்வீர்கள். இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு மறுபடி பெட்டியைக் கட்டுவீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எதையும் நன்றாக இருக்கிறது, பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கண்ணூறுக்குப் பயப்படாத வீடு நம் ஊரில் ஏது? ஆனால் எங்கள் வீட்டுப் பயம் வேறு. லாத்தாவுக்கு ஒரே ஒரு மகன். மூன்று வயது. ஒரு பெருநாள் காலையில் அவனைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டு இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "எம்புள்ள அழகுக்கு இந்தக் கீழக்கரையில ஒரு புள்ள உண்டுமா? இவன எனக்கு அம்புட்டுப் புடிக்கும்" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் காதுபடச் சொன்னாள். மறுநாளே பிள்ளைக்குக் காய்ச்சல். ஏழாம் நாள் அடக்கம் செய்தார்கள். "நானே எம்புள்ளய நாக்கால தின்னுட்டேன்" என்று அன்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதன் பிறகு மகனின் பேரை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் அந்தப் பேர் வாயில் வராமலே பழகிவிட்டது.

அன்றிலிருந்து வந்ததுதான் அந்தச் சட்டம். ஆணம் ருசியாக இருந்தால் "திங்கலாம்" என்போம். புதுச் சேலை எடுப்பாக இருந்தால் "உடுத்தலாம்" என்போம். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

நிக்காஹ் முடிந்து நாலாம் நாள் உங்களுக்கென்று முதன்முதலாக நான் ஆணம் வைத்தேன். உலகத்துத் துறைமுகமெல்லாம் சமைத்துப் போட்டவருக்கு நாம் சமைப்பதா என்று உப்பை மூன்று தரம் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். லாத்தா உங்கள் முன்னால் வருவதில்லை. உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இரண்டாம் முறை சோறு வாங்கினீர்கள், மூன்றாம் முறையும் வாங்கினீர்கள், சட்டியை வழித்தீர்கள். ஒரு வார்த்தை இல்லை. பொறுக்க முடியாமல், "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இருக்கு" என்றீர்கள்.

நான் அறைக்குள் போய் அழுதேன். அந்தச் சட்டத்திலேயே வளர்ந்தவள் எதற்கு அழ வேண்டும்? தெரியாது. பதினெட்டு வயது. புருஷன் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

கை கழுவிவிட்டு வந்து நின்றீர்கள்.

"ஆணம் நல்லாருந்துச்சுன்னு சொல்லலைன்னா அழுகுற?"

"இல்ல, கண்ணுல தூசி."

"வாயத் தொறந்தா உங்க லாத்தா தெரையக் கிழிச்சுக்கிட்டு வந்துருவாக. கல்யாணத்துக்கு முந்தியே ஆள் விட்டுச் சொல்லிட்டாக, இந்த வீட்ல எதையும் புகழப்படாதுன்னு." பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "ஒண்ணு சொல்லவா? கண்ணூறுக்குத் தமிழ் தெரியும். அரபு தெரியும். கொழும்புக்குப் போய்வந்த கண்ணூறா இருந்தா சிங்களமும் தெரியும். ஸ்பானிஷ் தெரியாது."

உங்கள் கப்பல் அடுப்படியில் கூட வேலை பார்த்த ஆள் ஸ்பெயின் நாட்டுக்காரர் என்றும், அவரோடு ஆறு வருஷம் வெங்காயம் உரித்ததில் அந்தப் பாஷை ஒட்டிக்கொண்டது என்றும் சொன்னீர்கள். "எதப் பாத்தாலும் புடிக்குது புடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான் அந்த மனுசன். மழை வந்தா புடிக்கும், வெங்காயம் வதங்குனா புடிக்கும். மொதல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. பெறகு பழகிப் போச்சு."

அன்று மத்தியானம், வெயில் ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தீர்கள். மெ குஸ்தா என்றால் எனக்குப் பிடிக்கிறது. தேத்தண்ணி பிடிக்கும், காற்று பிடிக்கும், அந்த அளவுக்கு. மெ இந்தெரேசா என்றால் அது என்ன ஏது என்று கிட்டப் போய்க் கேட்கத் தோன்றுகிறது. மெ என்கந்தா என்றால் பிடித்து, அதற்கு மேலும் பிடித்து, மயங்கிக் கிடப்பது. மெ அபசியோனா என்றால் சோறு தண்ணி மறந்து அதிலேயே விழுந்துவிடுவது. "அவனுக்குப் பந்து விளையாட்டு அப்படி. பந்தப் பத்திப் பேச ஆரம்பிச்சா அடுப்புல பருப்பு கருகிரும்" என்றீர்கள். கடைசியாக ஒன்று, தெ கியேரோ. அதை மனிதர்களுக்கு மட்டும்தான் அப்படிச் சொல்ல வேண்டுமாம், ஆணத்துக்கும் சேலைக்கும் சொல்லக் கூடாதாம். அதற்கு அர்த்தம் கேட்டேன். நீங்கள் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தீர்கள். காது மட்டும் சிவந்திருந்தது.

"இங்கிலீஷ்காரன் நான்னு தன்னைத்தான் முன்னால நிறுத்துவான். இவுக அப்படியில்ல. எனக்குப் புடிக்குதுன்னு நம்மள மாதிரியே சொல்லுவாக. அதான் நாக்குல சட்டுனு ஏறிருச்சு" என்று சொல்லிவிட்டு, "இன்னிக்கு ஆணம் இருக்குல்ல, மெ என்கந்தா" என்றீர்கள்.

எனக்குத் திமிர் வந்தது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து அந்த வார்த்தை இல்லாமல் நான் உங்கள் தட்டை எடுக்கவிட்டேனா? ஒரு நாள் புளி தூக்கலாகிவிட்டது. "மெ குஸ்தா" என்று சொல்லி எழுந்திருக்கப் பார்த்தீர்கள். "நேத்து என்கந்தா, இன்னிக்கு வெறும் குஸ்தாவா? உக்காருங்க, இன்னொரு அகப்பை சாப்புட்டுப் பாருங்க" என்று பிடித்துவைத்தேன். திரைக்குப் பின்னால் லாத்தா, "என்னாவாம் மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டாள். "தண்ணி கேக்குறாக லாத்தா" என்றேன். உங்களுக்குப் புரையேறிவிட்டது. நிஜமாகவே தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜொகரா பிறந்தபோது நீங்கள் எந்தக் கடலில் இருந்தீர்களோ. பத்து மாதப் பிள்ளையாகத்தான் பார்த்தீர்கள். அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, திரையைப் பார்த்து, விழுங்கிக்கொண்டு, அவள் காதுக்குள் கப்பல் பாஷையில் கொட்டினீர்கள். அவள் உங்கள் மீசையைப் பிடித்து இழுத்தாள். லாத்தா மட்டும் அந்தப் பிள்ளையை ஆள் பார்க்க முத்தங்கூடக் கொடுத்ததில்லை. சோறு ஊட்டுவாள், தலை வாருவாள், குளிரக் குளிர எண்ணெய் தேய்ப்பாள். எல்லாம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. பிள்ளைக்கு நெற்றியில் மை அப்புவதைப் பார்த்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல இருக்கும்.

நீங்கள் மறுபடி கப்பலுக்குப் போன பிறகு கடுதாசிகள் வந்தன. நம் கடுதாசியெல்லாம் தமிழை அரபு எழுத்தில் எழுதுவதுதானே. நம் ஊர்ப் பெண்கள் ஓதப் பழகிய எழுத்து அதுதான், அதனால் அதிலேயே எழுதுவோம், அதிலேயே படிப்போம். கடுதாசி என் பேருக்கு வந்தாலும் உரக்கப் படிக்கிறவள் லாத்தாதான். அதுவும் வீட்டு வழக்கம். அப்படி ஒரு கடுதாசியின் கடைசியில், 'ஜொகராவுக்கு' என்று போட்டு, தெ கியேரோ முச்சோ, மெ என்கந்தாஸ் என்று எழுதியிருந்தீர்கள். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், உன்னிடம் மயங்கிக் கிடக்கிறேன் என்று. எழுதியதும் அரபு எழுத்தில்தான். உங்களுக்கு வேறு எழுத்து ஏது?

லாத்தா அந்த இடம் வந்ததும் நின்றாள். திரும்ப ஒரு முறை எழுத்துக் கூட்டினாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இது எந்தத் துஆடி? நம்ம கிதாபுல இல்லயே."

அரபு எழுத்தில் இருந்தது, தமிழாக இல்லை, பிள்ளையின் பேருக்கு நேரே எழுதியிருந்தது. வேண்டுதல் என்றல்லாமல் அவள் வேறு என்னவென்று நினைப்பாள்? குர்ஆனை நாங்கள் எழுத்துப் பிசகாமல் ஓதுவோம். அர்த்தம் எங்களில் யாருக்குத் தெரியும்?

அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "கப்பல்ல ஒரு பெரியவரு சொல்லிக் குடுத்தாராம் லாத்தா" என்று வாயில் வந்ததை உளறினேன்.

"என்னத்துக்கு ஓதுறது?"

"புள்ள நல்லா இருக்கத்தான்."

லாத்தா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று மஃரிபு தொழுதுவிட்டு ஜொகராவை மடியில் இழுத்து வைத்து, மூன்று தரம் சொல்லி உச்சியில் ஊதினாள். மறுநாளும் அப்படியே. அதன் பிறகு ஒரு நாள் தவறவில்லை. எனக்கு முதலில் சிரிப்பை அடக்கத்தான் பாடாக இருந்தது. போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான், நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பாமல் அந்தப் பிள்ளையை நேராகப் பார்த்து அவள் சொன்னது அந்த வார்த்தைகளை மட்டும்தான். குரலே வேறாகிவிடும். ஜொகராவும் பழகிவிட்டாள். விளக்கு ஏற்றியதும், "பெரியும்மா, ஊதுங்க" என்று தானே போய்த் தலையைக் குனிந்து நிற்பாள்.

உங்களுக்கு எழுதவும் வழியில்லை. போகிற கடுதாசியும் லாத்தா கண்ணில் பட்டுத்தானே போகும்? இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஜொகராவுக்கு நாலு வயது நடக்கும்போது காய்ச்சல் கண்டது. முதல் மூன்று நாள் கஷாயம் கொடுத்தோம். இறங்கவில்லை. ராமநாதபுரத்திலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குடல் காய்ச்சல், மூன்று வாரம்கூட ஓடலாம், கெட்டித் தீனி காட்டவே கூடாது, மதுரையிலிருந்து மருந்து வர வேண்டும் என்றார். நீங்கள் லீவில் வந்து சேர்ந்தது ஐந்தாம் நாள். பெட்டியைக்கூட இறக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாத்தாவின் குரல் கேட்டது.

"தெ கியேரோ முச்சோ. மெ என்கந்தாஸ்."

நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். என்னை அறைக்குள் கூட்டிப்போய், "யாரு சொல்லிக் குடுத்தா அவுகளுக்கு?" என்று கேட்டீர்கள். சொன்னேன், எல்லாவற்றையும். உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"துஆ இல்லாததத் துஆன்னு ஓத விடுறது பாவம்மா. நான் சொல்லிர்றேன்."

"அய்யோ, வேண்டாம். புள்ள கெடக்குற கெடையில இதச் சொன்னா லாத்தா என்னா ஆவாக? இத்தன நாளு புள்ளயப் புகழ்ந்திருக்கோம்னு தெரிஞ்சா அவுக உசுர வச்சிருப்பாகளா? ஏற்கனவே ஒண்ணத் தின்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக."

அப்போதுதான் நீங்கள் பெட்டியை இறக்கி வைத்தீர்கள். "புள்ள எந்திரிக்கட்டும்" என்றீர்கள் கடைசியில்.

அந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று உங்களுக்குத் தெரியாது. லாத்தாவோ மஃரிபுக்கு ஒரு முறை என்பதை விட்டுவிட்டு ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஓத ஆரம்பித்தாள். தண்ணீரில் ஓதி உதட்டை நனைத்தாள், உள்ளங்காலில் ஓதித் தடவினாள். அவள் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் நான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணூறுக்கு அந்தப் பாஷை தெரியாது என்று நீங்கள் விளையாட்டாகச் சொன்னதை நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். தெரிந்துவிட்டால்? நாளைக்குப் பத்து தரம், பதினைந்து தரம், உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சாகக் கிடக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்கிறாளே! "போதும் லாத்தா, செத்த நேரம் படுங்க" என்று கையைப் பிடித்தேன். "நான் ஓதாம யாருடி ஓதுவா?" என்று கையை உதறினாள்.

பதினோராம் நாள் பிள்ளைக்கு நினைவு தப்பியது. டாக்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று நீங்கள் கூடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். திரைக்குப் பின்னால் லாத்தா தொண்டை கட்டிப்போய் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்களும் கூடவே முணுமுணுத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது.

பதினாலாம் நாள் கண் திறந்தாள். பதினெட்டாம் நாள் உடம்பு தணிந்தது. "உம்மா, கஞ்சி" என்றாள். ரப்பே! அந்தக் கஞ்சியை நான் காய்ச்சியதைவிட அழுதது அதிகம்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீங்கள் விடவில்லை. ஜொகரா எழுந்து நடக்கத் தொடங்கி, கிணற்றடியில் தண்ணீர் வாளியை உருட்டி விளையாடுகிற அளவுக்குத் தேறியதும், "இன்னிக்கு லாத்தாகிட்டச் சொல்லப் போறேன்" என்றீர்கள்.

என்னிடம் அப்போது இருந்த கோபத்தை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. "உங்களுக்கு என்னா கிறுக்கா? நல்லா இருக்குற மனுசிய எதுக்குக் கலக்கணும்? அவுக பாட்டுக்கு ஓதுறாக, புள்ள பொழச்சிருச்சு, அல்லாஹ் ஏத்துக்கிட்டான்னு இருக்காக. நீங்க நாலு நாள்ல கப்பலேறிப் போயிருவீக. அவுக பைத்தியம் புடிச்சு உக்காந்தா பாக்கப்போறது நானு!"

"பொய்யில அவுகள நிம்மதியா வச்சிருக்கச் சொல்றியா?"

"ஆமா. வச்சிருப்போம். என்னா கொறஞ்சு போச்சு? சொன்னீகன்னா உங்களோட நான் பேச மாட்டேன், ஆமா."

நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனீர்கள். சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்த நேரம். திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தீர்கள். நான் அடுப்படி வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"லாத்தா."

"சொல்லுங்க மாப்பிள்ள."

"நீங்க ஜொகராவுக்கு ஓதுறது துஆ இல்ல."

திரைக்கு அந்தப் பக்கம் தஸ்பீஹ் மணி உருளுகிற சத்தம் நின்றது.

"துஆ இல்லன்னா?"

"அது கப்பல்ல பேசுற பாஷை. ஸ்பெயின் தேசத்துப் பாஷை. நான் எம்புள்ளைக்கு எழுதுனது. உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல, இந்த வீட்டுச் சட்டத்துக்குப் பயந்து எழுதுனது."

"என்னா அர்த்தம்?"

"உன்ன எனக்கு ரொம்பப் புடிக்கும்னு அர்த்தம். உன்னப் பாத்து மயங்கிக் கெடக்கேன்னு அர்த்தம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். லாத்தா கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தர்காவுக்கு ஓடுவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. கிணற்றடியில் வாளி உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப இத்தன நாளும் நான் அதயா சொன்னேன்?"

"ஆமா லாத்தா."

"காய்ச்சல்ல கெடந்தப்பயும்?"

"அப்பயும். நாளைக்குப் பத்து தரம்."

"என் வாயால?"

"உங்க வாயாலதான்."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல. அங்கன சத்தம் கேக்குதுல்ல? வாளியப் போட்டு உடைக்குறா."

தஸ்பீஹ் மணி ஒன்றிரண்டு உருண்டு மறுபடி நின்றது. நீங்கள் எழுந்திருக்கவில்லை. பிறகு அவள் கேட்டாள். எனக்கு அந்தக் குரலை எழுதத் தெரியவில்லை.

"அப்ப எம்புள்ள நான் சொன்னதுனால போகலயா மாப்பிள்ள?"

"இல்ல லாத்தா. காய்ச்சல்ல போச்சு."

"நான் தின்னலயா?"

"நீங்க தின்னல."

அப்போதுதான் அவள் அழுதாள். பிள்ளையை அடக்கிய அன்று அழுதாளோ என்னவோ, எனக்கு நினைவில்லை. நான் பார்க்க அழுதது அதுதான் முதல் முறை. நான் உள்ளே ஓடி அவளைப் பிடித்துக்கொண்டேன். என் தோளில் சாய்ந்தபடியே அவள் திரையைப் பார்த்து, "ஹமீது" என்றாள். "அவன் பேரு ஹமீது, மாப்பிள்ள. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாக."

அஸருக்குத் தொடங்கியவள் மஃரிபு பாங்கு கேட்கும் வரை நிறுத்தவில்லை. ஹமீதுக்கு நண்டு பிடிக்கும், ஆனால் ஓட்டைக் கடிக்கத் தெரியாது, அவள்தான் கடித்துக் கொடுப்பாள். படகு வந்தால் 'கப்ப, கப்ப' என்று சொல்லிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடுவான். சட்டை போட்டால் பொத்தானைப் பிய்த்துவிடுவான். அந்தப் பெருநாள் சட்டையிலும் இரண்டு பொத்தானைப் பிய்த்திருந்தான். நீங்கள் அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, "ம்", "பெறகு?", "எந்தப் படகு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் முகத்தை நீங்கள் முழுதாய்ப் பார்த்ததுகூட இல்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். அவளுக்கு ஹமீதைப் பற்றி யாராவது கேட்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. கூடவே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை.

சொன்ன வாக்குக்காக மூன்று நாள் நான் உங்களோடு பேசவில்லை. அது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பேசவில்லை. நாலாம் நாள் வண்டி ஏறும்போது, "பெட்டிக்குப் பூட்டுப் போட்டீகளா?" என்று மட்டும் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், போய்விட்டீர்கள்.

அதன் பிறகு லாத்தா ஜொகராவைக் கொஞ்சிய கொஞ்சலை ஊரே பார்த்தது. தமிழிலேயே கொஞ்சினாள். கப்பல் பாஷையையும் விடவில்லை. அர்த்தம் தெரிந்த பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னாள். பதினேழு வருஷம் இருந்தாள். மகன் இருந்திருந்தால் இப்போது எத்தனை வயது, எந்த வேலைக்குப் போயிருப்பான், எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டிருக்கலாம் என்று எங்களோடு உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு ஆனாள். கடைசி நாளில் ஜொகராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளகிட்டப் போறேன்" என்று சொன்னாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

அன்று நீங்கள் என் பேச்சைக் கேட்டிருந்தால், பிள்ளையைத் தின்றவள் என்ற நினைப்போடே என் லாத்தாவைக் கபுரில் வைத்திருப்போம். அவள் நல்லதற்கு என்று நான் சொன்னதெல்லாம் என் பயத்துக்குத்தான். அவளைக் கேட்டேனா, அவளுக்கு என்ன வேண்டும் என்று? நீங்கள் வெளியிலிருந்து வந்தவர், உங்களுக்குத் தெரிந்தது.

நீங்கள் கப்பலை விட்டு வந்த பிறகும் நாம் எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். கால் அமுக்கியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், எந்த மீனில் என்ன ஆணம் என்று நாள் முழுக்க வழக்காடியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. நீங்களும் ஒரு நாள்கூட, "பாத்தியா, நான் சொன்னது சரிதானே" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன், என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நீங்கள் படுக்கையில் கிடந்த அந்தக் கடைசி மாதத்தில் எத்தனையோ முறை நாக்கு நுனி வரை வந்தது. ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்தேன், தலையணையைச் சரிசெய்தேன், எழுந்து போய்விட்டேன்.

இப்போது சொல்கிறேன். அன்று நான் வேண்டாம் என்றது தப்பு. நீங்கள் சொன்னதுதான் சரி, மச்சான்.